எரியும் விமானத்தில் ஒரு வணக்கம்!

விடியற்கால இருட்டில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். தன் நிரையில் தான் மட்டும்தான். ஆனாலும் பக்கத்து நிரையில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும். ஓர் இருமல் சத்தம், வாளி தட்டும் ஓசை காதில் விழுந்தால் போதும். மனத்தில் தைரியம் வந்துவிடும்.

அதே தைரியத்தை மட்டும் நம்பி, கண்ணுக்கெட்டாத உயரத்தில், கும்மிருட்டில் பறந்துகொண்டிருந்த இரண்டு இளைஞர்களின் கதையைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இருவரும் ஒரே விமானத்தில் இருந்தவர்கள். ஒருவர் நடுக் கூண்டில். மற்றவர் வால் கூண்டில். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. காதில் மாட்டிய கருவியில் வரும் குரல்தான் துணை.

இருவரில் ஒருவர் இறந்தார். யார் இறந்தார், யார் பிழைத்தார் என்பதில்தான் இந்தக் கதையின் விந்தை இருக்கிறது.

வாலில் ஒரு கண்ணாடிக் கூண்டு

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படை இரவு நேரத்தில் குண்டு வீசப் பயன்படுத்திய பெரிய விமானத்தின் பெயர் லங்காஸ்டர். நான்கு இயந்திரங்கள். உள்ளே ஏழு பேர். ஓட்டுகிறவர், இயந்திரத்தைக் கவனிப்பவர், வழி கணிப்பவர், கம்பியில்லாத் தந்திக்காரர், குண்டு வீசுபவர் ஆகிய ஐவரும் முன்பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றாக இருப்பார்கள். மீதி இருவர் துப்பாக்கிக்காரர்கள். ஒருவர் விமானத்தின் முதுகில் இருக்கும் கண்ணாடிக் குமிழுக்குள் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். இன்னொருவர் வாலின் கடைசி நுனியில் உள்ள கூண்டில், பின்பக்கம் பார்த்தபடி இருப்பார். அவருக்கு நான்கு துப்பாக்கிகள்.

வால் கூண்டில் உட்காருவது என்றால் சாதாரண காரியமா? கால் நீட்ட இடமில்லை. ஆறு, ஏழு, சில இரவுகளில் எட்டு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். மேலே ஏற ஏறக் குளிர் கொல்லும். மின்சாரத்தால் சூடேறும் உடையைப் போட்டிருந்தாலும், முகமூடியில் மூச்சுக்காற்று பனிக்கட்டியாக உறையும். இதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள்: கண்ணாடியில் அழுக்கோ கீறலோ இருந்தால் எதிரி விமானம் தெரியாமல் போய்விடும் என்று, முன்னால் இருந்த கண்ணாடித் தகட்டையே பலர் கழற்றிவிட்டார்கள். குளிரில் விறைத்தாலும் பரவாயில்லை, கண் தெரிய வேண்டும்!

ஏனென்றால் துப்பாக்கிக்காரரின் உண்மையான வேலை சுடுவதல்ல, பார்ப்பது. இருட்டில் ஒரு நிழல் அசைந்தாலும் உடனே விமானிக்குக் குரல் கொடுக்க வேண்டும். விமானி அடுத்த கணமே விமானத்தைத் திருகாணி போல வளைத்து, கீழே பாய்ந்து, மேலே ஏறித் தப்பப் பார்ப்பார். ஏழு பேரின் உயிரும் அந்த இருவரின் கண்ணில் இருந்தது.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கூண்டில் இடம் போதாததால் வால் துப்பாக்கிக்காரர் பாராசூட்டை உடம்பில் கட்டிக்கொள்ள முடியாது. அது கூண்டுக்கு வெளியே, விமானத்தின் உட்புறத்தில் இருக்கும். அந்தக் கூண்டைச் சுழற்றுவதோ விமானத்தின் இயந்திர விசையால் ஓடும் எண்ணெய்க் குழாய். லங்காஸ்டரில் வால் கூண்டுக்கு விசை கொடுத்தது இடது பக்கக் கடைசி இயந்திரம். அது நின்றால் கூண்டும் நின்றுவிடும்.

வின்னிபெக் நகரத்துப் பையன்

நடுக் கூண்டில் இருந்தவரின் பெயர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி. கனடா நாட்டின் வின்னிபெக் நகரில் 1916ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் பிறந்தவர். பெற்றோர் போலந்திலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர்கள். கப்பலேறி வந்த குடும்பம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆண்ட்ரூவுக்குப் பதினாறு வயதாகும்போது தகப்பனார் காலமாகிவிட்டார். வீட்டில் தாய், இரண்டு சகோதரர்கள், மூன்று சகோதரிகள். உலகமெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம் அது. பையன் தோலாடை செய்யும் ஒரு நிறுவனத்தில் மெல்லிய தோலை வெட்டும் வேலைக்குப் போனான். அந்தச் சம்பளம் குடும்பத்துக்கு உதவியது. ஓய்வு நேரத்தில் மரத்தைச் செதுக்கி மேசை நாற்காலி செய்வதும், சின்னச் சின்ன விளையாட்டு விமானங்கள் செய்வதும் அவனுக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு.

1941ஆம் ஆண்டின் இறுதியில் கனடிய விமானப் படையில் சேர்ந்தார். முதலில் கம்பியில்லாத் தந்திப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மோர்ஸ் தந்திக் குறிகள் அவருக்குப் பிடிபடவே இல்லை! அதனால்தான் துப்பாக்கிப் பயிற்சிக்கு மாற்றப்பட்டார். தந்தி ஓசை கொஞ்சம் மண்டையில் ஏறியிருந்தால், அன்றிரவு அவர் வேறு இடத்தில் உட்கார்ந்திருப்பார். ஒருவேளை கிழவராகி வின்னிபெக்கில் பேரப்பிள்ளைகளோடு இருந்திருப்பார். விதி என்று சொல்லுங்கள், தற்செயல் என்று சொல்லுங்கள், உங்கள் விருப்பம்.

1942 டிசம்பரில் பயிற்சி முடிந்து, அடுத்த ஆண்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். 1944இல் வட இங்கிலாந்தின் மிடில்டன் செயிண்ட் ஜார்ஜ் விமான தளத்தில், கனடாக்காரர்களின் 419ஆவது படைப்பிரிவுக்கு வந்தார். விமானி ஆர்தர் டி பிரெய்னின் குழுவில் நடுக் கூண்டுக்காரர் ஆனார். வால் கூண்டில் பேட் பிரோபி என்ற இன்னொரு கனடா இளைஞர்.

இருவரும் இணைபிரியா நண்பர்கள். ஆனால் படையில் ஒரு தடை இருந்தது. பிரோபி அதிகாரி, மைனார்ஸ்கி அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட பதவிக்காரர். தங்குமிடம் வேறு, சாப்பாட்டு மண்டபம் வேறு. துரை பங்களா ஒரு பக்கம், லயம் ஒரு பக்கம் என்று இருந்த இடத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. இரவில் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும்போது இருவரும் பிரிய வேண்டிய இடம் வரும். அங்கே மைனார்ஸ்கி வேண்டுமென்றே குதிங்காலைத் தட்டி, விறைப்பாக நின்று, கேலியாக ஒரு சல்யூட் அடித்து, “குட் நைட், சார்!” என்பார். தினந்தோறும் நடக்கும் இந்தக் கூத்தைப் பார்த்துப் பிரோபி சிரிப்பார். இந்த வேடிக்கையையும் மறந்துவிடாதீர்கள்.

பதின்மூன்றாவது பயணம்

1944 ஜூன் 6ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் இறங்கின. ஜெர்மானியர் ரயிலில் படையும் தளவாடமும் கொண்டுவந்து அவர்களைக் கடலில் தள்ளாமல் இருக்க வேண்டுமென்றால், ரயில் பாதைகளை உடைக்க வேண்டும். அதற்காகத்தான் ஜூன் 12ஆம் நாள் இரவு, வட பிரான்சின் கம்பிரே நகரத்து ரயில் நிலையப் பகுதியைத் தாக்க இந்தக் குழு புறப்பட்டது. அது அவர்களுடைய பதின்மூன்றாவது தாக்குதல் பயணம்.

விமானத்தில் ஏறும் நேரத்துக்காகப் புல்தரையில் உட்கார்ந்து காத்திருந்தபோது, மைனார்ஸ்கியின் கண்ணில் நான்கு இலை உள்ள ஒரு குளோவர் செடி பட்டது. வழக்கமாக மூன்று இலைதான் இருக்கும். நான்கு இலை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்பது மேல்நாட்டார் நம்பிக்கை. அதைப் பறித்த மைனார்ஸ்கி தன் பையில் போட்டுக்கொள்ளவில்லை. பிரோபியிடம் கொடுத்து, நீயே வைத்துக்கொள் என்று வற்புறுத்தினார். பிரோபி அதைத் தன் தலைக்கவசத்துக்குள் செருகிக்கொண்டார்.

இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் தயக்கம்தான். சினிமாக் கதை போல இருக்கிறது அல்லவா? ஆனால் பிழைத்தவர் பின்னாளில் சொன்னது இது.

நள்ளிரவு தாண்டிய நேரம். பிரான்சின் மேல் பறக்கும்போது ஜெர்மானியரின் யுங்கர்ஸ் 88 ரகப் போர் விமானம் பின்பக்கம் கீழிருந்து பாய்ந்தது. பிரோபி அதைக் கண்டு குரல் கொடுத்தார். டி பிரெய்ன் விமானத்தை வளைத்தார். ஆனாலும் குண்டுகள் பாய்ந்துவிட்டன. இடது பக்கத்து இயந்திரங்கள் இரண்டும் செத்தன, இறக்கையில் தீ. விமானத்தின் உடலுக்குள்ளேயும், நடுக் கூண்டுக்கும் வால் கூண்டுக்கும் இடையில், குழாய் எண்ணெய் பற்றிக்கொண்டு எரிந்தது. எல்லோரும் குதியுங்கள் என்று விமானி உத்தரவு கொடுத்தார்.

முன்பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். குண்டு வீசுபவர் ஜாக் பிரைடே, தரைக் கதவைத் திறந்தபோது அது மண்டையில் அடித்து மயங்கி விழுந்துவிட்டார். இயந்திரத்தைக் கவனித்த ராய் விகர்ஸ்தான் அவரை வெளியே தள்ளிப் பாராசூட்டோடு இறங்கச் செய்தார். அதுவே ஒரு தனிக் கதை.

மைனார்ஸ்கி தன் கூண்டிலிருந்து இறங்கினார். பின்பக்கக் கதவு பக்கத்தில்தான். நான்கு எட்டு வைத்தால் வெளியே குதித்துவிடலாம். அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். தீச்சுவருக்கு அந்தப் பக்கம், வால் கூண்டில் பிரோபி சிக்கியிருந்தார்.

முன்னே சொன்னேனே, அதுதான் நடந்திருந்தது. இடது பக்க இயந்திரம் நின்றதால் கூண்டு பாதி சுழன்ற நிலையில் நின்றுவிட்டது. பிரோபி எப்படியோ பாராசூட்டை எட்டி எடுத்து மாட்டிக்கொண்டார். கையால் சுழற்றுவதற்கென்று ஒரு பிடி உண்டு. அதைச் சுற்றிப் பார்த்தார். அது கையோடு உடைந்து வந்துவிட்டது! உள்ளே வரவும் வழியில்லை, வெளியே விழவும் வழியில்லை.

மைனார்ஸ்கி கதவை விட்டுவிட்டுத் தீக்குள் போனார். நிமிர்ந்து நடக்க இடமில்லை. கையையும் முழங்காலையும் ஊன்றி, எரியும் எண்ணெய்க்குள் தவழ்ந்து போனார். கோடரியை எடுத்துக் கூண்டை நெம்பினார். அசையவில்லை. கோடரியைப் போட்டுவிட்டு வெறும் கையால் பிடித்து இழுத்தார். அதற்குள் இடுப்புக்குக் கீழே அவருடைய உடையும் பாராசூட்டும் பற்றிக்கொண்டன.

கூண்டுக்குள் இருந்த பிரோபிக்குப் புரிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று. போ, நீ போய்விடு என்று கையை ஆட்டினார், கத்தினார். தான் பிழைக்க வழியில்லை என்று தெரிந்தும் நண்பனைப் போகச் சொன்ன அந்த மனிதரையும் நாம் மறக்கலாகாது.

மைனார்ஸ்கி திரும்ப இடமில்லை. பின்னாலேயே தவழ்ந்தார், முகத்தைப் பிரோபியிடமிருந்து திருப்பாமல். மறுபடியும் அதே நெருப்புக்குள். கதவருகே வந்ததும் எழுந்து நின்றார். உடை எரிந்துகொண்டிருக்கிறது. விறைப்பாக நின்று நண்பனுக்கு ஒரு சல்யூட் அடித்தார். உதடு அசைந்தது. இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அவர் என்ன சொன்னார் என்று பிரோபிக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பிறகு குதித்தார்.

கீழே

தரையில் இருந்த பிரெஞ்சு மக்கள், தீப்பந்தம் போல ஒரு மனிதன் வானத்திலிருந்து இறங்குவதைக் கண்டார்கள். ஓடிப்போய் எடுத்தபோது உயிர் இருந்தது. ஆனால் உடம்பு வெந்துவிட்டிருந்தது. சில மணி நேரத்தில் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி இறந்தார். வயது இருபத்தேழு. அதிகாரி பதவி அவருக்கு முந்தின நாளில்தான் வந்திருந்தது. இனி “சார்” என்று கேலி செய்ய வேண்டிய அவசியம்கூட இல்லை.

விமானம்? ஓட்ட ஆளில்லாமல், வயிற்றில் குண்டுகளோடு, வாலில் ஒரே ஓர் ஆளோடு, சரிந்து இறங்கியது. கோதியாம்ப்ரே என்ற கிராமத்தின் அருகே தரையைத் தொட்டது. இறக்கை ஒரு மரத்தில் மோதி விமானம் சுழன்றது. அந்த வேகத்தில், எந்த மனிதனாலும் திறக்க முடியாத அந்தக் கூண்டு பிய்ந்து, பிரோபி வெளியே தூக்கி எறியப்பட்டார். குண்டுகளில் இரண்டு மட்டுமே வெடித்தன. பிரோபி ஒரு மரத்தடியில் கிடந்தார். கையைக் காலை அசைத்துப் பார்த்தார். எதுவும் உடையவில்லை! தலைக்கவசத்தைக் கழற்றினார். நான்கு இலைச் செடி அதற்குள்ளேயே இருந்தது.

அவரையும் டி பிரெய்னையும் வேறு இருவரையும் பிரெஞ்சு மக்கள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். விகர்சும் பிரைடேயும் ஜெர்மானியரிடம் கைதிகளானார்கள். இங்கே ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த விமானங்கள் குண்டு வீசிய ஊர்கள் அந்தப் பிரெஞ்சு மக்களின் ஊர்கள். ரயில் நிலையத்தைச் சுற்றி வீடுகளும் இருந்தன. உள்ளே பிள்ளைகுட்டிகளும் இருந்தார்கள். அப்படியிருந்தும் விழுந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். அகப்பட்டால் மரண தண்டனை என்று தெரிந்தே கொடுத்தார்கள்.

குண்டு வீசப் போனவர்களைப் பெருமையாக எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் பாட்டன் பாட்டிமார் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டு வளர்ந்த நமக்கு, மேலிருந்து விழும் நெருப்பு யாரைச் சுடும் என்று தெரியாதா? ஜெர்மனியின் நகரங்களில் லட்சக்கணக்கான பொதுமக்கள் குண்டுவீச்சில் மாண்டார்கள். அந்தக் கேள்வி அந்நாட்டிலேயே நீண்ட காலம் பேசப்பட்டது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். அவர்களுக்கென்று லண்டனில் பெரிய நினைவுச் சின்னம் எழும்ப 2012ஆம் ஆண்டு ஆகிவிட்டது. போர் நடத்தியவர்களின் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். வின்னிபெக்கில் தோல் வெட்டிய பையனின் கணக்கு அது அல்ல என்பது என் எண்ணம்.

சாட்சி ஒருவரே

பிரோபி 1944 செப்டம்பரில் இங்கிலாந்து திரும்பினார். அப்போதுதான் மைனார்ஸ்கி இறந்த செய்தி அவருக்குத் தெரிந்தது. மூன்று மாத காலம், அவன் குதித்துத் தப்பியிருப்பான் என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம்.

இதை யோசித்துப் பாருங்கள். அந்த நெருப்புக்குள் நடந்ததைப் பார்த்தவர் உலகத்தில் ஒரே ஒருவர். அவரோ சாக வேண்டியவர். அந்த மரம் இரண்டு முழம் தள்ளி இருந்திருந்தால், பிரோபி அங்கேயே சாம்பலாகியிருப்பார். வின்னிபெக்கில் இருந்த தாய்க்கு, உன் மகன் விமானம் எரிந்து இறந்தான் என்ற ஒரே வரிதான் மிஞ்சியிருக்கும். அப்படி எத்தனை தாய்மாருக்கு அந்த ஒரே வரி மட்டும் போய்ச் சேர்ந்ததோ!

கைதிகளாய் இருந்தவர்கள் விடுதலையாகி, 1945இல் நண்பர்கள் மறுபடி சந்தித்த பிறகே முழுக் கதையும் வெளியே வந்தது. டி பிரெய்ன் முயற்சி எடுத்து மேலிடத்துக்கு எழுதினார். 1946 அக்டோபர் 11ஆம் நாள், வீரத்துக்குப் பிரிட்டிஷ் அரசு தரும் மிக உயர்ந்த விருதான விக்டோரியா சிலுவை ஆண்ட்ரூ மைனார்ஸ்கிக்கு அறிவிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்காகக் கனடிய விமானப் படை வீரர் ஒருவருக்குக் கடைசியாக அறிவிக்கப்பட்ட விக்டோரியா சிலுவை அதுவே. அதே ஆண்டு டிசம்பரில், வின்னிபெக்கில் அவருடைய தாயார் மகனுக்குப் பதிலாக அந்தப் பதக்கத்தை வாங்கிக்கொண்டார்.

அவருடைய உடல் பிரான்சின் மெஹாரிகூர் கிராமத்து இடுகாட்டில் அடக்கமாகியிருக்கிறது. சிங்கப்பூர் கிராஞ்சிக்குப் போனவர்கள் வரிசை வரிசையாக நிற்கும் வெள்ளைக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். அதே வகைக் கல்தான் அங்கேயும். வின்னிபெக்கில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். உலகில் இன்னும் பறக்கக்கூடிய லங்காஸ்டர் விமானங்கள் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று கனடாவின் ஹாமில்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு மைனார்ஸ்கியின் விமானத்துக்குரிய எழுத்துகளையே தீட்டி, அவர் நினைவாக 1988 முதல் பறக்கவிடுகிறார்கள். 2014இல் அது அட்லாண்டிக் கடலைக் கடந்து இங்கிலாந்துக்கே போய்வந்தது.

அவர் கடைசியாகப் புறப்பட்ட மிடில்டன் செயிண்ட் ஜார்ஜ் தளத்தில், அந்த வட்டாரத்து மக்கள் காசு சேர்த்து 2005ஆம் ஆண்டு ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். பறக்கும் உடையில், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறார். கையில் துப்பாக்கி கிடையாது. விறைப்பாக நின்று சல்யூட் அடித்துக்கொண்டிருக்கிறார்.